எண்ணூறு மில்லி

2023 ஜூலை 16, ஞாயிற்றுக்கிழமை, அதிகாலை 4.40. வானத்தில் மேகம் இல்லை. மேற்கிலிருந்து கச்சான் காற்று அடித்துக்கொண்டிருந்தது. வாசல் விளக்கு வெளிச்சத்தில் புழுதி ஓடுவது தெரிந்தது. சுவரில் மாட்டியிருக்கும் வெப்பமானி இருபத்தொன்பது டிகிரி காட்டியது. தூத்துக்குடியில் கடைசியாக மழை பெய்து அறுபத்து மூன்று நாள் ஆகியிருந்தது. மழையைப் பார்ப்பதற்காக நாங்கள் ஐந்து பேர் மகனுடைய காரில் மூணாறுக்குக் கிளம்பினோம்.

நான், வயது எழுபத்து நான்கு. என் மனைவிக்கு அறுபத்தொன்பது. பெங்களூரில் வேலை பார்க்கும் மகன், மருமகள், எட்டு வயதுப் பேத்தி. சாமான் ஒன்பது. பத்தாவதாக எடை பார்க்கும் தராசையும் வைக்கப் பார்த்தேன். பின்பக்கம் இடமில்லை. மருமகள், "மாமா, ரெண்டு நாளுக்குத் தராசுமா?" என்று கேட்டாள். திரும்பக் கொண்டுபோய்க் கட்டிலுக்கு அடியில் வைத்துவிட்டு வந்தேன்.

தராசு என் மனைவிக்காக. அவளுடைய இரண்டு சிறுநீரகமும் வேலை செய்வதில்லை. அப்போது இரண்டு வருடம் நாலு மாதமாக, செவ்வாய், வியாழன், சனி காலை ஆறு மணிக்கு டயாலிசிஸ் நடந்துகொண்டிருந்தது. நாலு மணி நேரம் இயந்திரம் ஓடும். நாலாம் எண் கட்டில் அவளுடையது. கிளம்புவதற்கு முந்தின நாள் நடந்தது முந்நூற்று அறுபத்து நாலாவது தடவை. உடம்பில் சேரும் தண்ணீருக்கு இயந்திரத்தை விட்டால் வேறு வழி கிடையாது. காலில் ஏறும், வயிற்றில் ஏறும், பிறகு நுரையீரலில் ஏறும். சனி காலை பத்து மணிக்கு ஊசியை எடுத்தால் அடுத்த செவ்வாய் காலை ஆறு வரை அறுபத்தெட்டு மணி நேரம். வாரத்தில் அதுதான் பெரிய இடைவெளி. அதற்குள் போய்விட்டு வர வேண்டும். இந்தப் பயணத்தில் எனக்கு இருந்த வேலை ஒன்றுதான்: செவ்வாய் ஆறு மணிக்கு அவளை நாலாம் கட்டிலில் கொண்டுவந்து சேர்ப்பது. மற்ற எதுவும் எனக்கு ஒரு பொருட்டாகத் தோன்றவில்லை.

போக வேண்டாம் என்று பதினொரு தடவை சொன்னேன். அவள் என்னிடம் வாதாடவில்லை. மகனிடம் போனில் சொன்னாள். நாசரேத்துப் பக்கம் ஒரு பள்ளிக்கூடத்துக்குத் தினமும் பஸ்ஸில் போய் முப்பத்தொரு வருடம் பாடம் நடத்தியவள் அவள். ஆறாம் வகுப்பில் தென்மேற்குப் பருவக்காற்று வரும். கரும்பலகையில் இடதுபக்கம் கடல், நடுவில் மலை, மலையின் இடதுபக்கச் சரிவில் சாய்ந்த கோடுகளாக மழை வரைவாள். வலதுபக்கம் ஒன்றும் இருக்காது. அந்த வெற்றிடத்தில் ஒரு புள்ளி வைத்து, இது நாம் என்று பிள்ளைகளுக்குக் காட்டுவாளாம். "முப்பத்தோரு வருசம் வரஞ்சிருக்கேன். அந்தக் கோட்ட ஒருதரம் நேர்ல பாத்துட்டா போதும்" என்றாள். மகன் அன்றைக்கே அறை பதிவு செய்துவிட்டான். மருத்துவரும் போய்வரலாம் என்றார். எண்ணூறைத் தாண்டக்கூடாது, செவ்வாய்க்கிழமை தவறக்கூடாது என்று மட்டும் சொன்னார்.

எண்ணூறு என்பது மில்லி. ஒரு நாளைக்கு அவள் உடம்புக்குள் போகலாம் என்று அனுமதித்த தண்ணீர். காப்பி, ரசம், மோர், மாத்திரை விழுங்கும் தண்ணீர் எல்லாம் அதற்குள் அடங்க வேண்டும். நான் துறைமுகத்தில் முப்பத்து மூன்று வருடம் சரக்கு எண்ணும் குமாஸ்தாவாக இருந்தவன். கப்பலில் ஏறும் மூட்டையையும் இறங்கும் மூட்டையையும் நாலு கோடு போட்டு ஐந்தாவதைக் குறுக்கே இழுத்து எண்ணுவதுதான் வேலை. அதனால் இதற்கும் ஒரு முறை வைத்திருந்தேன். ஒரு பாட்டிலில் நூறு நூறாகக் கோடு போட்டு, காலையில் எண்ணூறு வரை நிரப்புவேன். அவள் அறுபது மில்லி காப்பி குடித்தால் பாட்டிலிலிருந்து அறுபது மில்லியை எடுத்து முருங்கைக்கு ஊற்றிவிடுவேன். பாட்டிலில் மிச்சம் இருப்பதுதான் அவளுக்கு மிச்சம் இருப்பது. ராத்திரி படுக்கும்போது அது காலியாகியிருக்கும். எல்லாவற்றையும் நோட்டில் எழுதுவேன். இரண்டு வருடம் நாலு மாதத்தில் ஒரு நாள்கூட எண்ணூறு தாண்டியதில்லை.

ஞாயிறு ஆராதனை தவறுகிறதே என்று அவளுக்கு ஒரு குறை இருந்தது. காணிக்கையை உறையில் போட்டுப் பக்கத்து வீட்டில் கொடுத்திருந்தாள். வண்டி நகரும் முன் மகன் ஜெபம் செய்தான். ஒரு நிமிடம் பத்து விநாடி.

எட்டயபுரம் வரை இரண்டு பக்கமும் உடைமரம். அருப்புக்கோட்டையில் 6.15க்கு இட்லி. அவளுக்கு இரண்டு, சாம்பாரும் சட்னியும் இல்லாமல், சீனி தொட்டு. காப்பி அறுபது மில்லி. பாட்டிலிலிருந்து அறுபதை ஓட்டல் வாசலில் ஊற்றினேன். பக்கத்து மேசைக்காரர் பார்த்தார். மதுரையைச் சுற்றிக்கொண்டு தேனி வழியாக 9.50க்குப் போடி. அதற்குப் பிறகு மலை. கொண்டை ஊசி வளைவுகள் பதினேழு என்று பலகை சொன்னது. நான் எண்ணியதிலும் பதினேழுதான் வந்தது. பதினொன்றாவதில் மூடுபனி தொடங்கியது. பதினாலாவதில் மழை.

அவள் கண்ணாடியை இறக்கினாள். மழை உள்ளே அடித்தது. பேத்தி, "ஆச்சி, சீட்டு நனையுது" என்றாள். "நனையட்டும்ளா" என்று சொல்லிவிட்டு முகத்தை வெளியே நீட்டிக்கொண்டாள். மகன் பின்பக்கம் காட்டும் கண்ணாடியில் என்னைப் பார்த்தான், நான் ஏதாவது சொல்வேன் என்று. தோலில் படுகிற தண்ணீர் கணக்கில் வராது.

விடுதி மூணாறுக்குப் பதினேழு கிலோமீட்டர் முன்பாக, தேயிலைத் தோட்டத்துக்கு நடுவில் இருந்தது. போய்ச் சேர்ந்தபோது 12.15. வெப்பம் பதினாறு டிகிரி. இரண்டு அறைகள், முன்னால் தகரம் வேய்ந்த ஒரு தாழ்வாரம். மழை நிற்கவில்லை. ஒரு மழை எந்த நிமிடத்தில் முடிந்து அடுத்தது எந்த நிமிடத்தில் தொடங்குகிறது என்று குறித்துவைக்கப் பார்த்தேன். பிரிக்க முடியவில்லை. மூன்று வரி எழுதி அடித்துவிட்டேன்.

மகனும் மருமகளும் பேத்தியைக் கூட்டிக்கொண்டு குடை பிடித்துத் தோட்டத்துக்குள் போனார்கள். அவள் தாழ்வாரத்தில் ஒரு பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்தாள். மருமகளுடைய ஸ்வெட்டர் ஒன்று, மேலே ஒரு போர்வை. ஒரு மணிக்கு உட்கார்ந்தவள் ஏழு மணி வரை எழுந்திருக்கவில்லை. வீட்டில் இருபது நிமிடம் ஓரிடத்தில் உட்கார்ந்து நான் பார்த்ததில்லை. நடுவில் ஒருதரம் என்னைக் கூப்பிட்டாள்.

"பாத்தியளா, சாஞ்சு விழல. நேராத்தான் விழுது. அத்தன பிள்ளைகளுக்கும் தப்பா வரஞ்சு குடுத்திருக்கேன்."

"காத்து அடிச்சா சாயும்" என்றேன்.

"நீங்க ஒருத்தர். ஆறுதல் சொல்லத் தெரிஞ்சா சொல்லணும், இல்லன்னா சும்மா இருக்கணும்."

மலையின் அந்தப் பச்சை எனக்கு ஒன்றும் செய்யவில்லை என்பதை எழுதித்தான் ஆக வேண்டும். நன்றாக இருக்கிறது என்று எல்லோரும் சொன்னார்கள். நானும் சொன்னேன். இரண்டு வருடம் நாலு மாதத்தில் என்னிடம் எதுவோ மரத்துப்போயிருந்தது. ஒரு இடத்தைப் பார்த்தால் பக்கத்தில் மருத்துவமனை எத்தனை கிலோமீட்டர் என்றுதான் எனக்குத் தோன்றும்.

பாட்டில் 6.20க்குக் காலியாகிவிட்டது. ஏழு மணி இருக்கும். நான் அறைக்குள் நோட்டு எழுதிக்கொண்டிருந்தேன். சன்னல் வழியாக அவள் முதுகு தெரிந்தது. நாற்காலியிலிருந்து எழுந்து தாழ்வாரத்தின் ஓரத்துக்குப் போனவள், தகரத்திலிருந்து விழும் தண்ணீரில் கையை நீட்டினாள். குவித்த கையை வாய்க்குக் கொண்டுபோனாள். மறுபடி நீட்டினாள். மறுபடியும். மூன்று.

வெளியே போய்த் தடுத்திருக்கலாம். போகவில்லை. ஏன் என்று இன்றைக்கும் தெரியவில்லை. குளியலறைக்குப் போய் என் கையைக் குவித்துக் குழாய்த் தண்ணீரைப் பிடித்து, மருந்து மூடியில் ஊற்றி அளந்தேன். பதினைந்து மில்லி வந்தது. அவள் கை சிறியது, ஆனாலும் பதினைந்து என்றே வைத்துக்கொண்டேன். நோட்டில் '800 + 45' என்று எழுதினேன். முதல் முறையாகக் கூட்டல் குறி.

திங்கள் காலை விடிந்தபோது அவள் பாதம் இரண்டும் வீங்கியிருந்தன. கணுக்காலுக்கு மேலே கட்டை விரலால் அழுத்தினேன். பள்ளம் விழுந்தது. அது மேலே வர ஒன்பது எண்ணினேன். வீட்டில் திங்கள்கிழமையில் மூன்றுக்கு மேல் போகாது. பத்து மணிக்குக் கிளம்புவதாக இருந்ததை எட்டரையாக்கினோம். சாமானை ஏற்றி முடிப்பதற்குள் விடுதிக்காரர் வந்து, ஆறு கிலோமீட்டர் கீழே ரோட்டில் மண் சரிந்துவிட்டது, ஜேசிபி வந்திருக்கிறது, சாயங்காலம் ஆகும் என்றார். மூணாறு சுற்றி உடுமலை வழியாக இறங்கினால் ஏழு மணி நேரம், அந்த வழியும் எப்படி இருக்கிறதோ தெரியாது என்றார். மகன் போனை எடுத்துக்கொண்டு தாழ்வாரத்தில் நடந்தான். பக்கத்தில் எங்கும் அன்றைக்குக் காலியான இயந்திரம் கிடைக்கவில்லை. தேனியில் ஒரு மருத்துவமனையில், எத்தனை மணிக்கு வந்தாலும் போடுகிறோம், கொண்டுவாருங்கள் என்றார்கள்.

காத்திருந்தோம். ஒன்பது மணிக்கு அவள் மூச்சு நிமிடத்துக்கு இருபது. பதினொன்றரைக்கு இருபத்து நாலு. ஒரு மணிக்கு அவளால் படுக்க முடியவில்லை. மூன்று தலையணையைச் சாய்த்துவைத்தும் எழுந்து உட்கார்ந்துகொண்டாள். இருபத்தாறு. நான் அவள் மார்பையும் கடிகாரத்தையும் மாறி மாறிப் பார்ப்பதைக் கண்டு, "என்னத்த எண்ணுதிய, பேசாம இருங்க" என்றாள். இரண்டு மூச்சில் சொன்னாள்.

அப்போதுதான் சொன்னேன். "நேத்து ராத்திரி தகரத்துத் தண்ணிய மூணு கை குடிச்சியே, நான் பாத்தேன்."

அவள் மறுக்கவில்லை. "ஆமா, குடிச்சேன்" என்றாள்.

மகன் முடிவெடுத்தான். மண் சரிந்த இடம் வரை காரில் போவது, அதை நடந்து தாண்டுவது, அந்தப் பக்கம் ஜீப் பிடிப்பது. விடுதிக்காரர் தெரிந்தவரிடம் பேசி ஜீப்பை வரச் சொன்னார். மருமகளுக்குக் கார் ஓட்டத் தெரியும். பேத்தியோடு விடுதிக்குத் திரும்பி, வழி திறந்ததும் வருவதாகப் பேச்சு. பிளாஸ்டிக் நாற்காலி ஒன்றைக் கேட்டு வாங்கிக்கொண்டோம்.

சரிந்த இடத்தில் சிவப்பு மண்ணும் வேரோடு ஒரு மரமும் சாலையை மூடியிருந்தன. ஜேசிபி ஒன்று மண்ணைத் தின்றுகொண்டிருந்தது. தோட்டத்து ஆட்கள் நாலைந்து பேர் ஒதுங்கி நின்றார்கள். மகன் விஷயத்தைச் சொன்னதும் இரண்டு பேர் ஒன்றும் கேட்காமல் வந்து நாற்காலியைத் தூக்கிக்கொண்டார்கள். ஜேசிபியை நிறுத்தச் சொல்லிக் கையைக் காட்டினார்கள். நான் குடையை அவள் தலைக்கு மேலே பிடித்துக்கொண்டு பக்கத்தில் நடந்தேன். நூற்றுப் பன்னிரண்டு அடி. எழுபதாவது அடியில் என் செருப்பு ஒன்று சேற்றில் நின்றுவிட்டது. தூக்கினவர்களில் ஒருவர், "ஆத்தா, கனமே இல்லயே, சாப்புடுறதில்லையா?" என்று கேட்டார். "இதுலயும் பாதி தண்ணிதான் தம்பி" என்றாள். மூச்சு முப்பத்தொன்று.

ஜீப்பில் அவள் நடுவில் உட்கார்ந்து முன்சீட்டுக் கம்பியைப் பிடித்துக்கொண்டிருந்தாள். ஒரு பக்கம் நான், மறுபக்கம் மகன். அந்தப் பதினேழு வளைவுகளிலும் நான் சொல்லிக்கொண்டே வந்தேன். மூணு கை. எத்தன நாள் காப்பாத்துனத மூணு கையில கொண்டுபோய்ட்டியே. ஒரு நாள் பொறுக்க முடியலையா. குரலை உயர்த்தவில்லை. சரக்கு குறைந்தால் கப்பல்காரனிடம் எந்தக் குரலில் சொல்வேனோ அதே குரல். ஏழு தடவை சொல்லியிருப்பேன். ஏழாவது தடவை மகன், "அப்பா, போதும்" என்றான். பதில் சொல்ல அவளுக்கு மூச்சு இல்லை.

அவள் இறந்துவிடலாம் என்று எனக்குத் தெரிந்தேயிருந்தது. தெரிந்ததே தவிர, பயம் வரவில்லை. அழுகை வரவில்லை. ஒரு காலில் செருப்பு இல்லை என்பதுதான் திரும்பத் திரும்ப நினைவுக்கு வந்தது.

தேனி மருத்துவமனைக்குள் நுழைந்தபோது மாலை 5.35. எடை ஐம்பத்தொன்று அறுநூறு. நாற்பத்தெட்டு இருக்க வேண்டிய உடம்பு. ஆக்சிஜன் வைத்தார்கள், பத்து நிமிடத்தில் இயந்திரம் ஓடத் தொடங்கியது. ஒரு மணி நேரம் கழித்து அவள் தலை தலையணையில் சாய்ந்தது. மூச்சு இருபத்திரண்டு. மகன் வெளியே போய்ச் சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றான்.

பணியில் இருந்த டாக்டரம்மாவுக்கு முப்பது வயதுதான் இருக்கும். என்னைக் கூப்பிட்டு, தண்ணீர் எவ்வளவு கொடுத்தீர்கள் என்று கேட்டார். நோட்டைக் கொடுத்தேன். நின்றுகொண்டே நாலு பக்கம் படித்தார்.

"இவ்வளவு சுத்தமா எழுதி நான் பாத்ததில்ல. ஊர்லயும் இதே அளவுதானா?"

"இதே எண்ணூறுதான்."

"ஊர்ல வேர்க்குமா அவங்களுக்கு?"

"மத்தியானத்துக்குள்ள ரெண்டு ரவிக்க மாத்துவா."

"மூணாறுல வேர்த்துச்சா?"

அவரே சொன்னார். ஊரில் பாதித் தண்ணீர் வேர்வையாகவே போய்விடுகிறது. அதனால்தான் எண்ணூறு தாங்கியது. குளிரில் அந்த வழி அடைத்துவிட்டது. அங்கே போகும்போது அளவைக் குறைத்திருக்க வேண்டும், ஓட்டல் சாப்பாட்டில் உப்பும் கூடியிருக்கும், எடை பார்த்திருந்தால் முதல் நாளே தெரிந்திருக்கும் என்றார்.

அந்த நாற்பத்தைந்து மில்லியைக் காட்டிக் கேட்டேன். மழைத் தண்ணீர், மூன்று கை.

"இதா? இது ஒரு வாய் தண்ணி ஐயா. இதுக்கும் மூச்சு முட்டுனதுக்கும் சம்பந்தமே இல்ல."

எங்கள் ஊர் உப்பு மூட்டைகளை எத்தனையோ தடவை ஏற்றியிருக்கிறேன். காய்ந்த ஊரிலிருந்து மழை பெய்யும் ஊருக்குப் போனால் மூட்டையின் எடை கூடும். அங்கே இறக்கும்போது எண்ணிக்கை ஒன்றாகவே இருக்கும், எடை வேறாக இருக்கும். அதற்காகவே நாங்கள் சரக்குச் சீட்டில், எடை மாறலாம் என்று தனியாக ஒரு வரி எழுதுவோம். உப்பைப் பற்றி இது தெரிந்தவனுக்கு உடம்பைப் பற்றித் தெரியவில்லை. உள்ளே போனதை மட்டும் எண்ணினேன். வேர்க்கிற ஊரில் வெளியே போவதை யாரும் எண்ணுவதில்லை.

நோட்டை வாங்கிக்கொண்டு உள்ளே போனேன். அவள் கண் விழித்திருந்தாள். "புத்தி கெட்டுப்போயித்தான் குடிச்சேன். எல்லாரையும் அலக்கழிச்சிட்டேன்" என்றாள். அந்த நிமிடத்தில் சொல்லியிருக்க வேண்டும். நான் போர்வையைச் சரிசெய்தேன். மூன்று லிட்டர் இருநூறு மில்லி எடுத்தார்கள். மறுநாள் மத்தியானம் மருமகள் காரோடு வந்து சேர்ந்தாள். எல்லோருமாக ஊருக்குத் திரும்பினோம்.

வீட்டுக்கு வந்த மூன்றாம் நாள், ராத்திரி பாட்டிலில் நூறு மில்லி மிச்சம் இருந்தது. அதற்கு முன் எந்த நாளும் மிஞ்சியதில்லை. தாகம்தான் அவளுக்குப் பெரிய பாடு. பாதிக் கோப்பை காப்பியைக்கூட மூன்று பாகமாகப் பிரித்துக் குடிப்பவள். அடுத்த நாள் நூற்றைம்பது. அதற்கடுத்த வாரம் இருநூறு, இருநூற்றைம்பது, முந்நூறு. நான் எழுதிக்கொண்டே வந்தேன். ஏன் என்று கேட்கவில்லை. கேட்டால் அவள் சொல்லும் பதிலுக்கு நான் ஒரு பதில் சொல்ல வேண்டியிருக்கும்.

துறைமுகத்தில் கப்பல் தரப்பில் ஒருவர் எண்ணுவார், கரைத் தரப்பில் நான் எண்ணுவேன். கணக்கு இடித்தால் உட்கார்ந்து பேசுவோம். முப்பத்து மூன்று வருடத்தில் என் சீட்டை ஒருதரமும் திருத்தியதில்லை. அதை ஒரு பெருமையாகச் சொல்லிக்கொண்டிருந்தேன். பிள்ளையிடமும் சொல்லியிருக்கிறேன்.

டயாலிசிஸ் கட்டிலில் அவளுக்குக் கால் இழுக்கத் தொடங்கியது. கெண்டைக்கால் கல்லைப் போல இறுகும். உடம்பில் எடுக்கத் தண்ணீர் இல்லாதபோது இயந்திரம் எடுத்தால் அப்படித்தான் ஆகும். நர்சு, "ஆச்சி, ஏன் இப்படிக் கொறச்சிட்டிய? ஐயா தரலையா?" என்று கேட்டாள். நான் திரைக்கு இந்தப் பக்கம் பிளாஸ்க்கோடு நின்றிருந்தேன்.

"அவுக அளந்துதான் தருதாவ. நான்தான் மலைக்குப் போன எடத்துல ஆசப்பட்டுக் குடிச்சிட்டேன். இனி கூடக் கொறய ஆகிரக் கூடாதுன்னு பயமா இருக்கு."

நான் தரையில் பதித்த கற்களை எண்ணினேன். நீளத்தில் இருபத்திரண்டு, அகலத்தில் பதினாலு.

ஆகஸ்ட் 5, சனிக்கிழமை காலை 8.50க்கு ரத்த அழுத்தம் எழுபதுக்கு இறங்கி அவள் நினைவு தப்பினாள். கட்டிலின் கால்பக்கத்தைத் தூக்கினார்கள், சலைன் ஏற்றினார்கள். நாற்பது விநாடி. என் கையில் கடிகாரம் இருந்தது. நாற்பதில் அவள் கண்ணைத் திறந்து, மணி என்ன என்று கேட்டாள். மருத்துவர் என்னைத் தனியாக அழைத்து, அவங்க எண்ணூறையும் குடிக்கணும், இப்படி இன்னொரு தடவை இறங்கினால் இதயம் தாங்காது என்றார். சரி என்றேன்.

ஆட்டோவில் வீட்டுக்கு வந்து அவளைக் கட்டிலில் உட்காரவைத்தேன். மின்விசிறியைப் போட்டேன். பாட்டில் மேசைமேல் இருந்தது. நான் முன்னாலிருந்த ஸ்டூலில் உட்கார்ந்தேன். அவள் முகத்தைப் பார்க்காமல் பாட்டிலைப் பார்த்துச் சொன்னேன்.

"ஏளா, அன்னைக்கு நீ குடிச்சதால ஒண்ணும் வரல. அங்கன ஒனக்கு வேர்க்கல. இங்கத்த அளவ நான் அங்கன கொண்டுபோய்ட்டேன். தப்பு என் மேலதான். தேனி டாக்டரம்மா சொன்னா."

"எப்பச் சொன்னா?"

"அன்னைக்குத்தான். ஒனக்கு மிசினு ஓடிக்கிட்டிருக்கும்போது."

"இன்னைக்கு எத்தனாவது நாளு?"

"பத்தொம்பது."

"பத்தொம்பது நாளா தொண்ட காஞ்சு கெடக்கேன். நீங்க கோடு கோடாப் போட்டு எழுதிக்கிட்டிருந்திய, என்ன?"

ஆமாம் என்றேன். கோபப்படுவாள் என்று எதிர்பார்த்தேன். அவள் பாட்டிலை எடுத்து டம்ளரில் ஊற்றினாள். எவ்வளவு என்று நான் பார்க்கவில்லை. நிறுத்தாமல் குடித்தாள். சேலைத் தலைப்பால் வாயைத் துடைத்துக்கொண்டாள்.

"மூணு கைன்னு எழுதியிருப்பிய. அஞ்சு. நீங்க உள்ள எந்திரிச்சுப் போன பொறவு ரெண்டு. அதையும் திருத்திக்கிடுங்க."

நோட்டை எடுத்து, 45 என்பதை அடித்துவிட்டு 75 என்று எழுதினேன். அவள் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"நல்லாருந்துச்சா?" என்று கேட்டேன். நாற்பத்தாறு வருடத்தில் அவளிடம் இப்படி ஏதாவது கேட்டிருக்கிறேனா என்று தெரியவில்லை.

"கொஞ்சங்கூட உப்பே இல்ல" என்றாள். எங்கள் தெருக் குழாயில் வருவதைத்தான் அவள் ஒப்பிட்டிருக்க வேண்டும். பிறகு படுத்துக்கொண்டாள். சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்தவள், தூங்கிவிட்டாள் என்று நான் எழுந்தபோது கேட்டாள்.

"மொத்தம் எவ்வளவு ஆச்சு? மழ பாத்துட்டு வந்ததுக்கு."

தேனிச் செலவுக்கு மகன் தர வந்த பணத்தை நான் வாங்கவில்லை. அறைக்கும் டீசலுக்கும் அவன் கொடுத்திருந்ததையும் என் ஓய்வூதியத்திலிருந்து திருப்பிக் கொடுத்துவிட்டேன். அது அவளுக்குத் தெரியும்.

"தேனியையும் சேத்தா?" என்றேன்.

"சேத்துத்தான்."

ஜீப், நாற்காலி, செருப்பு எல்லாம் சேர்த்து, முப்பத்தெட்டாயிரத்து நானூற்றுப் பதினைந்து ரூபாய் என்று சொன்னேன்.